மேஸ்திரிக்கும் சால்னாவுக்கும் ஒரே கயிறு

உத்திரமேரூர் தாலுகா,
பங்குனி மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகள் நிஷாவுக்கு உன் நைனா வேதகிரி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும், நாலு கால் உள்ள மற்ற இருவரும், கன்னியம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். மஸ்கட்டில் நீயும் உன்னோடு ரூமில் இருக்கிற பெண்களும் உங்கள் வார்டில் படுத்திருக்கிற நோயாளிகளும்கூட சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். எல்லம்மா அத்தையின் மகன் ஸ்ரீகாந்த் லீவு முடிந்து புதன்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் பையில்தான் இந்தக் கடிதம் வருகிறது. கூடவே அம்மா கட்டிய மோர்மிளகாய்ப் பொட்டலமும் முருங்கைக்கீரைப் பொடியும் இருக்கும். கவரைச் சோற்றுப் பருக்கை வைத்து நானே ஒட்டியிருக்கிறேன், ஓரம் பிரிந்திருந்தால் அவனைத்தான் கேட்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று நினைப்பாய். எட்டு நாளைக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை நீ என்னை ஒன்று கேட்டாய். அம்மா இப்போது எப்படி இருக்கிறாள், மறைக்காமல் சொல்லுங்கள், அவள் நன்றாக இருந்தால் ஆனி மாத லீவை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடுகிறேன், இல்லையென்றால் வந்துவிடுகிறேன் என்றாய். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அம்மா என் தோளை இடித்தபடி உட்கார்ந்திருந்தாள், நான் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அந்த "ம்" உனக்கு எந்தப் பக்கம் புரிந்ததோ தெரியவில்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன், ஆனால் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் சால்னாவிலிருந்து தொடங்கினால்தான் ஆகும், பொறுமையாகப் படி.

போன ஆடியில் நீ விமானம் ஏறிய பிறகு அம்மா எப்படி இருந்தாள் என்பதை உன்னிடம் நான் சரியாகச் சொல்லவில்லை. தலைவலி, முட்டிவலி என்று சொல்லிவைத்தேன். உண்மையில் அவளுக்கு ஒரு வலியும் இல்லை. டி.வி.யைப் போட்டுவிட்டுச் சத்தத்தை நிறுத்திவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருப்பாள். குழம்பில் ஒரு நாள் உப்பு இருக்காது, ஒரு நாள் இரண்டு முறை விழுந்திருக்கும். நூறு நாள் வேலைக்குக் கூப்பிட வந்த பெண்களிடம் உடம்பு சரியில்லை என்பாள். உன்னிடம் போனில் பேசும் பத்து நிமிடம் மட்டும் எங்கிருந்தோ குரலை வரவழைத்துக்கொண்டு சிரித்துப் பேசுவாள், வைத்ததும் மறுபடியும் டி.வி.க்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுவாள். நான் கோபித்தும் பார்த்தேன், பக்கோடா வாங்கி வந்தும் பார்த்தேன். மாகறலில் இருக்கிற அவள் தம்பி வீட்டுக்கு நாலு நாள் போய்விட்டு வா என்றேன், யார் வீட்டைப் பார்ப்பது என்றாள். எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் ஒரு மழை நாள், பிரஷர் மாத்திரை வாங்க அவளை உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸுக்காக நின்றிருந்த இடத்தில் ஒரு பரோட்டாக் கடை. கடைக்காரர் சால்னாக் குண்டானை இறக்கிக் கீழே வைத்திருக்கிறார், எங்கிருந்தோ வந்த ஒரு குட்டி நாய் அதில் கழுத்து வரைக்கும் தலையை விட்டுவிட்டது. அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்த, அது ஓடிவந்து நேராக உன் அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டது. வெளியே எட்டிப் பார்த்த மூஞ்சி முழுக்க எண்ணெயும் கறிவேப்பிலையும். அம்மா சிரித்தாள், நிஷா. ஆடிக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். வீட்டில் ஒரு நாய் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று நான் வாய் வரைக்கும் கொண்டுவந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, குட்டியைத் துண்டில் சுற்றிப் பஸ்ஸில் ஏறினோம். வீடியோவில் நீ பார்த்துக் கொஞ்சுகிறாயே, அந்தப் பெயர் வந்த கதை இதுதான்.

வீடியோவில் அது சமத்தாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் அம்மா அதன் வாயில் பொறை பிஸ்கட்டை வைத்திருப்பாள். மற்ற நேரத்தில் அது செய்த அட்டகாசத்தைச் சொன்னால் நம்ப மாட்டாய். தெருவில் யார் செருப்பைக் காணவில்லை என்றாலும் முதலில் நம் வீட்டுக்குத்தான் வந்து தேடுகிறார்கள், தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது. நூறு நாள் வேலையில் எங்களை மேய்க்கிற பணித்தளப் பொறுப்பாளர் அம்மாளின் சாப்பாட்டுத் தூக்கை ஏரிக்கரை முழுக்க இழுத்துக்கொண்டு ஓடியது, நாங்கள் முப்பது பேர் பின்னால் ஓடினோம், அன்றைக்கு நடந்த வேலை அது ஒன்றுதான். என் பல்செட்டு மட்டும்தான் தப்பித்தது, எனக்கு இன்னும் பல்செட்டு வராததால். மேஸ்திரியைத்தான் பாவம் என்று சொல்ல வேண்டும். நீ பத்தாவது படிக்கும்போது நம் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிய அன்று வந்தவன், கொத்தனார் கல் வைக்க வைக்கப் பின்னாலேயே நடந்து மேற்பார்வை பார்த்தான் என்று நீதான் அந்தப் பெயரை வைத்தாய். அன்றிலிருந்து இன்று வரை ஒரு வம்பு தும்பு கிடையாது. தட்டில் போட்டதைத் தின்பான், வாசலில் படுப்பான், எல்லம்மா அத்தையின் கோழிகள் அவன் முதுகில் ஏறி இறங்கினாலும் கண்ணைத் திறக்க மாட்டான். அவன் வாலைப் பிடித்துச் சால்னா தொங்கும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பான், இதைக் கேட்க ஆளில்லையா என்கிற மாதிரி.

பொங்கலுக்கு மறுநாள் சால்னா அத்தையின் கோழி ஒன்றைக் கொன்றுவிட்டது. விளையாட்டாகத்தான் பிடித்திருக்கும், ஆனால் கோழிக்கு அது தெரியுமா? சந்தையில் ஒரு பெட்டைக்கோழி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாள் கழித்து இன்னொன்று, அதுவும் அடைக்கு உட்கார வைத்திருந்த கோழி. உன் எல்லம்மா அத்தையை உனக்குத் தெரியுமே, ஸ்ரீகாந்த் அங்கிருந்து எவ்வளவு செய்தாலும் கோழிகள்தான் அவளுக்குப் பேச்சுத் துணை, ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, ஒவ்வொன்றின் குணமும் தெரியும். அவள் நம் வாசலுக்கு வந்து என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் அம்மாவிடம் நேராகச் சொன்னாள். "பாஞ்சாலி, உன் மூஞ்சிக்கோசரம் ரெண்டு தபா வுட்டேன். மூணாவதா ஒரு கோழி மேல வாய் வச்சுதுன்னா அந்தக் குட்டி இந்தத் தெருவுல இருக்கக் கூடாது, ஏரிக்கு அந்தாண்ட கொண்டும்போய் வுட்டுரு." அம்மா சரி அண்ணி என்றாள். வேறு என்ன சொல்ல முடியும், நியாயம் அத்தை பக்கம். அன்று சாயங்காலம் நான் வேலை விட்டு வரும்போது டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. சால்னாவை மடியில் வைத்துக்கொண்டு அம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள். இந்தக் குட்டி போனால் இவள் மறுபடியும் அந்த ஆடி மாதத்துக்கே போய்விடுவாள் என்று தெரிந்துவிட்டது, எப்படியாவது இதைப் பழக்கியே தீருவது என்று முடிவு கட்டினேன்.

பழக்குவதில் உன் நைனா யாருக்கும் சளைத்தவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். இருபது வருடம் அடுத்தவர் கழனியில் ஏர் பிடித்தவன், என் கையில் பழகாத காளை இல்லை. புதுக் காளையைப் பழக்குவதற்கு ஒரே வழிதான், அனுபவப்பட்ட மாட்டோடு ஒரே நுகத்தடியில் பூட்ட வேண்டும். நாலு நாள் துள்ளும், ஒரு நாள் படுத்துக்கொண்டு அடம் பிடிக்கும், அப்புறம் பக்கத்து மாட்டின் நடையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். மாட்டுக்குச் சரியாக வருவது நாய்க்கு வராதா என்று தோன்றியது. பழைய பெல்ட்டை வெட்டி இரண்டு கழுத்துப் பட்டை செய்தேன், நடுவில் இரண்டு முழக் கயிறு. மேஸ்திரியை வலது பக்கமும் சால்னாவை இடது பக்கமும் கட்டிவிட்டுப் பின்னால் நின்று, ஒரு குச்சியும் கையில் எடுத்துக்கொண்டேன். மேஸ்திரி பாவம், அவனை அவிழ்த்துவிடு என்றாள் அம்மா. உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்றேன். இந்த வார்த்தையை நான் சொன்ன போதெல்லாம் என்ன நடந்திருக்கிறது என்று நீயே பட்டியல் போடுவாய்.

முதல் நாள் இரண்டும் கரண்ட் கம்பத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சுற்றி, கம்பத்தோடு கம்பமாகக் கட்டுண்டு நின்றன. இரண்டாம் நாள் என் காலையும் சேர்த்துச் சுற்றியதில் நான் சாணியில் உட்கார்ந்தேன். டீக்கடையில் இருந்தவர்களுக்குக் கேட்க வேண்டுமா? "இன்னா வேதகிரி, இந்தப் பட்டத்துக்கு நாய் கட்டி ஏர் ஓட்டுறியா?" என்று ஒருத்தன் ஆரம்பித்து வைக்க, வாரம் முழுக்க அதே பேச்சு. ஆனால் ஐந்தாம் நாள் பார், இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரே நடை நடந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டுமென்றே டீக்கடைப் பக்கமாக இரண்டு முறை ஓட்டிக்கொண்டு போய்வந்தேன். உன்னிடம் வீடியோவில் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன், காட்டாமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று. இப்போது யோசித்தால் புரிகிறது, நடை ஒன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது மேஸ்திரியின் நடை இல்லை. அவன் வாலைத் தூக்கிக்கொண்டு குதித்துக் குதித்து நடந்தான். வயதான காலத்தில் தெம்பு வந்திருக்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை, அத்தை வீட்டுக்குப் பின்னால் அறுப்பு முடிந்த கழனியில் இரண்டையும் அந்தக் கயிற்றோடு விட்டுவிட்டு வரப்பில் நின்று ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அத்தையின் கோழிகள் உதிர்ந்த நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. சால்னா பாய்ந்தது. கயிறு இழுத்ததில் மேஸ்திரியும் ஓடினான். முதல் பத்தடி இழுபட்டுத்தான் ஓடினான், அதற்கு மேல் அவனே ஓடினான், அதை நான் என் கண்ணால் பார்த்தேன். கோழிகள் சிதறிப் பறந்ததில் ஒரு சிவப்புப் பெட்டை இரண்டுக்கும் நடுவில் கயிற்றில் மாட்டிக்கொண்டது. அதை வாயில் கவ்வியது சால்னா இல்லை. நம் மேஸ்திரி. ஒரு உதறு உதறினான், அவ்வளவுதான். கவ்விக்கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்துவிட்டவன் மாதிரி வாலை ஆட்டினான். சால்னா அதை மோந்து பார்த்ததில் அதன் மூக்கில் இரண்டு இறகு ஒட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்தாள், பின்னாலேயே உன் அம்மாவும். அத்தை பார்த்தது செத்த கோழியையும் சால்னாவின் மூக்கில் இருந்த இறகையும். இதில் கேட்க என்ன இருக்கிறது? சொன்னேன் இல்லையா என்று மட்டும் அத்தை சொன்னாள். நான் வாய் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. ஏன் என்று உனக்கு மறைக்காமல் சொல்கிறேன். மேஸ்திரி உன் நாய். ஊரில் ஒரு நல்ல பெயர் எடுத்தவன், கோழி பிடித்தவன் என்று அவனைச் சொல்லிவிட்டால் இந்த வயதில் அவனை எங்கே கொண்டுபோய் விடுவது, உன்னிடம் என்ன சொல்வது என்று ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக இன்னொரு பக்கம், அந்தக் கயிறு என் வேலை, அதைத் தெருவெல்லாம் காட்டிப் பெருமை அடித்தவன் நான். அம்மா குனிந்து சால்னாவின் கழுத்துப் பட்டையை அவிழ்த்தாள், தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் அண்ணி என்றாள். அழவில்லை, அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். வரப்பு மேல் ஏறி ரோட்டை நோக்கி நடந்தாள். அவள் தோளுக்கு மேல் அந்தக் குட்டி என்னைப் பார்த்துக்கொண்டே போயிற்று. ரோடு வரைக்கும் அவளைப் போகவிட்டேன், நிஷா. அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ரோட்டு மேல் அவள் கால் வைத்ததும் என்னால் முடியவில்லை. பாஞ்சாலி நில்லு என்று கத்தினேன். அத்தையிடம் திரும்பி, "அக்கா, கோழிய புடிச்சது குட்டி இல்ல, என் மேஸ்திரி. அவன் மேலயும் தப்பு இல்ல, அவன இஸ்துக்கினு ஓட வச்சது நான் கட்டுன கயிறு. எதுனா செய்யணும்னா என்ன செய்" என்றேன். அத்தை மேஸ்திரியைப் பார்த்தாள். அவன் கழுத்தில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். குச்சியோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பத்து வருசமா என் கோழி நடுவுல தூங்குன நாய ஒம்போது நாள்ல கெடுத்து வச்சுக்கிறியே, உன்ன இன்னா பண்றது?" என்று ஆரம்பித்தவள் கால் மணி நேரம் நிறுத்தவில்லை, நான் சின்ன வயதில் மாங்காய் திருடியது வரைக்கும் வெளியே வந்தது. கடைசியில் தீர்ப்புச் சொன்னாள். நாய்கள் இரண்டும் இருக்கட்டும். நாளையிலிருந்து கோழிக்கூண்டு திறக்கிற நேரத்துக்கு நான் இரண்டையும் அழைத்துக்கொண்டு வந்து, கயிறு இல்லாமல், குச்சி இல்லாமல், கோழிகள் கழனிக்குப் போகிற வரைக்கும் உட்கார வேண்டும். எத்தனை நாளைக்கு அக்கா என்றேன். உனக்கு புத்தி வர வரைக்கும் என்றாள்.

அப்படித்தான் உன் நைனா ஐம்பத்தாறு வயதில் பள்ளிக்கூடம் சேர்ந்தான். காலை ஆறு மணிக்கு அத்தை வாசலில் நான் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு நாய். அத்தை கூண்டைத் திறப்பாள், சால்னாவின் உடம்பு வில்லாக முறுக்கேறும். எழுந்தால் தோளில் கை வைத்து உட்கார வைப்பேன். உட்கார்ந்தே இருந்தால் கருவாட்டுத் தலை ஒன்று. கத்தினால் அத்தை என்னைத்தான் திட்டுவாள், கத்தினால் கோழி முட்டை வைக்காதாம். மேஸ்திரி முதல் மூன்று நாள் கோழிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், திரும்பவே இல்லை. நாலாம் நாள் வயசான கோழி ஒன்று வந்து அவன் வால் மேல் ஏறி நின்றது, அவன் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் சிரிப்பாய். அதற்குப் பிறகு சால்னாவைப் பழக்கியது நான் இல்லை, அவன்தான். குட்டி நைசாகக் கோழிப் பக்கம் நகர்ந்தால் போதும், படுத்த இடத்திலிருந்தே தொண்டைக்குள் ஒரு உறுமல், அவ்வளவுதான், இது பின்வாங்கிவிடும். கயிற்றில் கட்டியபோது அவனை ஒரு பொருட்டாகக்கூட மதிக்காத குட்டி, அவிழ்த்துவிட்டதும் அவன் பேச்சைக் கேட்கிறது. பதினோராம் நாள் ஒரு சேவல் வந்து அதன் மூக்கில் நறுக்கென்று ஒரு கொத்துக் கொத்தியது. வீல் என்று கத்திக்கொண்டு மேஸ்திரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அன்றிலிருந்து அந்தச் சேவல் வந்தால் இது எழுந்து வழி விடுகிறது. இடையில் இரண்டையும் மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வெறிநாய் ஊசியும் போட்டாகிவிட்டது, அதைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும்.

பிறகு எனக்கு நூறு நாள் வேலை காலையில் சீக்கிரமாகவே தொடங்கிவிட்டது. ஏழு மணிக்கெல்லாம் ஏரிக்கரையில் நிற்க வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள், போட்டோவில் இல்லாதவன் வேலையிலும் இல்லை. அதனால் ஒரே ஒரு நாள் எனக்குப் பதிலாக நீ போய் உட்கார்ந்துவிட்டு வா என்று அம்மாவிடம் சொன்னேன். முனகிக்கொண்டே போனாள். மறுநாள் நான் சொல்லாமலே போனாள். இப்போது மூன்று வாரமாகக் காலையில் டீ குடித்ததும் நாய் இரண்டையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள், வெயில் ஏறிய பிறகுதான் வருகிறாள். அத்தைக்கு ஸ்ரீகாந்த் மஸ்கட்டில், இவளுக்கு நீ மஸ்கட்டில், இரண்டு பேரும் அங்கே என்ன மணி இருக்கும், பிள்ளைகள் என்ன சாப்பிட்டிருக்கும் என்று பேச ஆரம்பித்தால் முடிவில்லை. முந்தாநாள் ஸ்ரீகாந்தை உட்கார வைத்து உங்கள் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் எப்படி இருக்கும் என்று ஒரு மணி நேரம் விசாரித்தார்கள், பையன் வியர்த்துப் போய்விட்டான். அத்தை அம்மாவுக்கென்று ஒரு கோழியை அடை வைத்துக் கொடுத்திருக்கிறாள், ஒன்பது குஞ்சு பொரித்திருக்கிறது. அம்மா சிரிக்கிற சத்தம் நம் வீடு வரைக்கும் கேட்கிறது. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது. டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு நாடகத்தில் வருகிற மாமியாரைத் திட்டுகிறாள். திரும்ப நூறு நாள் வேலைக்கும் பெயர் கொடுக்கப் போவதாகச் சொல்கிறாள்.

ஆக நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அம்மா நன்றாக இருக்கிறாள். உண்மையாகவே நன்றாக இருக்கிறாள், பிரஷர் மாத்திரையைத் தவிர வேறு மருந்து ஒன்றும் தேவையில்லை, நீ பயப்பட வேண்டாம். இதை எழுதுவதற்கு நான் நாலு நாள் யோசித்தேன். ஏன் என்றால் இதை எழுதிவிட்டால் நீ லீவைத் தள்ளிப் போட்டுவிடுவாய். அம்மாவுக்கு இன்னும் சரியாகவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், ஆனியில் வந்து நிற்பாய். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி எழுதிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். கழனியில் வாயை மூடிக்கொண்டு நின்றது போதும் என்றுதான் எழுதவில்லை.

போன வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேலை இல்லை. அம்மா வழக்கம்போலக் கிளம்பிப் போய்விட்டாள், பின்னாலேயே இரண்டும் போயின. நான் வீட்டில் தனியாக இருந்தேன். பேப்பர் படித்தேன். கொடியில் காய்ந்த துணியை மடித்தேன். உன் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன், அப்புறம் மறுபடியும் திறந்தேன். போன ஆடியிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், எப்போது வருகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள் என்று உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தேனே, அம்மா ஒரு நாளும் என்னைக் கேட்கச் சொன்னதில்லை. அவள் வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளுக்குள் வைத்துக்கொண்டாள், நான் அவள் பெயரைச் சொல்லி என்னுடையதைக் கேட்டேன். எனக்குத்தான் உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, நிஷா. அம்மாவுக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது. எனக்கு இன்னும் பழகவில்லை. ஆனியில் லீவு கொடுத்தால் வந்துவிடு, தள்ளிப் போடாதே. உன் மேனேஜர் காரணம் கேட்டால், அப்பா கூப்பிடுகிறார் என்று சொல்லு.

வெயில் நேரத்தில் தண்ணீர் நிறையக் குடி. ஷூவுக்குள் ஈரக் காலோடு நிற்காதே. நோயாளிகளிடம் எவ்வளவு பொறுமையாக இருக்கிறாயோ அதில் பாதியாவது உன்னிடமும் இரு. சாமி உன்னைக் கைவிடாது, நானும் அம்மாவும் நினைக்காத நாள் இல்லை, நீ எந்த ஊரில் இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருப்பாய்.

வருகிற தேதியை மட்டும் மறக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடு. போன தடவை உன்னை வழியனுப்ப மீனம்பாக்கத்துக்கு நான் வரவில்லை, கழனியில் வேலை இருக்கிறது என்று சொல்லி அம்மாவை மட்டும் அனுப்பினேன். அன்றைக்கு வேலை ஒன்றும் இல்லை. நீ உள்ளே போவதை நின்று பார்க்க என்னால் ஆகாது என்றுதான் வரவில்லை. இந்தத் தடவை நீ வெளியே வருகிற வாசலில் முதல் ஆளாக நான் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் நைனா,
வே. வேதகிரி